ஒளித்து வைத்த டப்பாவும் வெட்டி வைத்த பழமும்

கேள்வி கேட்டவர் இரண்டு பிள்ளைகளின் அம்மா. பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்குப் பதின்மூன்று. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் நேராகப் போவது பிஸ்கட் டப்பாவிடம். அதை மேல்தட்டில் ஏற்றிப் பார்த்தார், துணி அலமாரியில் ஒளித்துப் பார்த்தார், எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். பழம் வாங்கி வைத்தால் சீண்டுவதில்லை. மாமியாரோ பிள்ளைகள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தினமும் மாலையில் ஒரு சண்டை. "நல்லதைத் தின்னும் பழக்கம் வர வேண்டுமென்றால் வீட்டில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை நான்கு மணிச் சண்டையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. கடையில் கூடையை நிரப்பிய அன்றே அதன் முடிவு தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் என்ன வருகிறது, வந்தது எங்கே உட்காருகிறது, எந்த நேரத்தில் தட்டுக்கு வருகிறது, இந்த மூன்றும் பெரியவர்கள் கையில் இருந்தால் "அதைத் தொடாதே" என்று சொல்லும் தேவை பாதிக்கு மேல் குறைந்துவிடும். இனி விரிவாகப் பார்ப்போம்.

ஒளித்து வைப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் அதுதான். 1999-இல் ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பிர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பழச்சுவையுள்ள இரண்டு வகைத் தின்பண்டம். ஒன்றைப் பிள்ளைகள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று கண்ணெதிரே இருக்கும், ஆனால் சில நிமிஷம் மட்டுமே எடுக்க விடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகளின் பேச்சும் கவனமும் தடை போட்ட பண்டத்தின் பக்கமே திரும்பின. அதைக் கேட்டு நச்சரிப்பதும் கூடியது. முன்பு சுமாராகப் பிடித்திருந்த ஒன்றைத் தடை ஒன்றே பெரிய விஷயமாக்கிவிட்டது. உங்கள் டப்பாவுக்கும் நடந்தது இதுதான். அலமாரியில் துணிக்குப் பின்னால் போன பிறகு அது வெறும் பிஸ்கட் இல்லை, தேடிப் பிடிக்க வேண்டிய பொருள்.

அப்படியானால் கட்டுப்பாடே கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜேன் ஆக்டனும் அவருடைய சகாக்களும் 2006-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். பிள்ளைக்குத் தெரிகிற கட்டுப்பாடு ஒன்று: "இத்தனைதான்", "இது உனக்கு வேண்டாம்", "போதும், எழுந்திரு". பிள்ளைக்குத் தெரியாத கட்டுப்பாடு இன்னொன்று: அந்தப் பொருளை வீட்டுக்கு வாங்கியே வராமல் இருப்பது, அது மலிந்து கிடக்கும் இடங்களுக்குக் கூட்டிப்போவதைக் குறைத்துக்கொள்வது. இரண்டாவது வகையைக் கையாளும் பெற்றோரின் பிள்ளைகள் கெடுதலான தீனியைக் குறைவாகத் தின்றார்கள் என்பது அவர்கள் கண்டது. முதல் வகையையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். "இன்று பழம்தான், வா" என்று வெளிப்படையாகச் சொல்லி நல்லதைத் தின்ன வைப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருப்பதாக அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. ஆக, வேண்டாததைப் பேச்சில்லாமல் குறைக்க வேண்டும், வேண்டியதைப் பேசிக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: சிப்ஸைப் பற்றி நாள் முழுக்கப் பேச்சு, பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

உடனே பதின்மூன்று வயதுப் பையன் ஞாபகம் வரும். "அவன் வெளியே வாங்கித் தின்பானே?" தின்பான், அதை முழுக்கத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் அந்த வயதில் வீட்டுக்கு ஒன்றும் செல்வாக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்ம வயதினரின் உணவுப் பழக்கத்தை நீண்ட காலமாகக் கவனித்துவரும் ஆய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வந்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பழமும் காய்கறியும் அவ்வளவாகப் பிடிக்காது என்று சொன்ன பிள்ளைகள்கூட, வீட்டில் அவை தாராளமாகக் கிடைத்தால் கூடுதலாகவே தின்றார்கள். பிடித்தம் பிறகு வரட்டும், வீட்டில் பொருள் இருக்க வேண்டும்.

சரி, பொருள் இருக்கிறது, ஆனாலும் தொடுவதில்லை என்கிறீர்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் ஒன்று இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. உங்கள் ஃப்ரிட்ஜை ஆறு வயதுப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை திறந்து பாருங்கள். கதவில் வரிசையாகக் குளிர்பானம், ஜூஸ், சாஸ். கண்ணுக்கு நேராக நேற்று மிஞ்சிய கேக், சீஸ், ஜாம் பாட்டில். காய்கறியும் பழமுமோ அடியில் இருக்கும் இழுப்பறையில், அதுவும் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள். உள்ளே ஆரஞ்சு இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தாலும் இழுப்பறையை இழுக்க வேண்டும், முடிச்சை அவிழ்க்க வேண்டும், கழுவ வேண்டும், தோலை உரிக்க வேண்டும், கையெல்லாம் பிசுபிசுக்கும், கொட்டையைத் துப்ப இடம் தேட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஒரு சிவப்பு நாடா, ஒரே இழுப்பு. பசித்து வந்த பிள்ளை எதை எடுக்கும்? நானும் பிஸ்கட்டைத்தான் எடுப்பேன்.

அதனால் முதல் வேலையாக இடத்தை மாற்றுங்கள். கழுவித் துடைத்த பழங்களை, உரிக்கவோ வெட்டவோ தேவையில்லாதவையாகப் பார்த்து, மேசை நடுவில் திறந்த பாத்திரத்தில் வையுங்கள். வெள்ளரி, கேரட் போன்றவற்றை விரல் நீளத்துக்கு வெட்டி மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் பிள்ளையின் கண் மட்டத்துத் தட்டில் முன்வரிசையில் வையுங்கள். டப்பா கண்ணாடியாக இருக்கட்டும். உள்ளே இருப்பது தெரியாத டப்பாவைப் பிள்ளைகள் திறந்து பார்க்கவே மாட்டார்கள். வெட்டிய ஆப்பிள் கறுத்துப்போனால் தொட மாட்டார்கள் என்பது உண்மைதான். சில சொட்டு எலுமிச்சைச் சாறு தடவினால் அது தள்ளிப்போகும், இல்லையென்றால் அன்றன்று வெட்டுங்கள். பிஸ்கட், சிப்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளே தெரியாத டப்பாவில் போட்டு, அன்றாடம் கை போகாத ஒரு அலமாரியில் வைத்தால் போதும். அது ஒளித்து வைப்பதாகாது. எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வழியில் நிற்காமல் இருந்தால் சரி.

பொருளைத் தள்ளி வைத்தால் தின்பது குறையுமா என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அலசியது. குறைகிறது என்பதே அதன் முடிவு, ஆனால் கையிலுள்ள ஆதாரம் அத்தனை உறுதியானதல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தத் துறையில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. சமையலறையை எப்படி அடுக்குவது, எந்த நிறத் தட்டில் பரிமாறுவது என்றெல்லாம் கவர்ச்சியாகச் சொல்லிப் புகழ்பெற்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல பிறகு திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் பல்கலைக்கழகம் அவர் ஆய்வு நெறிகளை மீறியதாக அறிவித்தது, அவர் பதவி விலகினார். ஆகவே பழத்துக்குக் கவர்ச்சியான பேர் சூட்டினால் பிள்ளைகள் இருமடங்கு தின்பார்கள் என்ற ரகத்துக் குறிப்புகளைக் கண்டால் கடந்து போய்விடுங்கள்.

அளவு விஷயத்தில் ஆதாரம் இன்னும் திடமாக இருக்கிறது. பாக்கெட்டும் கிண்ணமும் பெரிதாக இருந்தால் ஆட்கள் அதிகம் தின்கிறார்கள் என்று அதே காக்ரேன் 2015-இல் ஏராளமான சோதனைகளைத் தொகுத்துச் சொன்னது. பிள்ளைகளிடம் இது எப்போது தொடங்குகிறது என்பதுதான் வேடிக்கை. உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழு 2000-இல் செய்த சோதனையில், மூன்று வயதுப் பிள்ளைகள் தட்டில் எவ்வளவு போட்டாலும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் தின்றுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளோ அதிகம் வைத்தால் அதிகம் தின்றார்கள். இரண்டே வருஷத்தில் வயிற்றின் பேச்சைக் கேட்பது போய்த் தட்டின் பேச்சைக் கேட்பது வந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு ஆறு வயது. பாக்கெட்டோடு கையில் கொடுக்காமல் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள், பாக்கெட் உள்ளே போகட்டும். குடும்பப் பாக்கெட் மலிவு என்று வாங்குவதும் அப்படித்தான். நான்கு நாளைக்கு என்று வாங்கியது இரண்டு நாளில் காலியாகும்.

பாக்கெட் தீனியில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இருபது பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பெரும்பாலும் பதப்படுத்தாத உணவு என்று கொடுத்தார்கள். முன்னே வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம்; வேண்டிய மட்டும் தின்னலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். அவர்கள் பெரியவர்கள், தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தே தின்றவர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுவதில் என்ன நியாயம்?

அடுத்தது நேரம். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் பசி நிஜமான பசி. மதியம் சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். சின்ன வயிறு, ஒரே தடவையில் நிறைய கொள்ளாது. அதனால் நொறுக்குத்தீனி என்பதையே ஒழிக்கப் பார்க்காதீர்கள், அதை ஒரு குட்டிச் சாப்பாடாக மதியுங்கள். புரதம் ஏதாவது, நார்ச்சத்து ஏதாவது, இரண்டும் சேர்ந்தால் இரவு உணவு வரை தாங்கும்: அவித்த முட்டை, தயிரோடு பழம், அவித்த பயறு, ஒரு பிடி கொட்டைப் பருப்பு. வெறும் பிஸ்கட்டும் ஜூஸும் போனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்று வந்து நிற்பார்கள். (ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் முழுக் கொட்டைகள் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.) ஜூஸைப் பழத்தோடு சேர்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த சர்க்கரை வழிகாட்டுதலில், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையில்தான் சேர்த்தது. முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை.

தட்டு ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துக்கு வரட்டும். பிள்ளை வீடு வந்து கைகால் கழுவுவதற்குள் மேசையில் இருக்க வேண்டும். கேட்ட பிறகு யோசிக்கத் தொடங்கினால் அந்த ஐந்து நிமிஷத்தில் டப்பா திறந்துவிடும். அதன்பிறகு அடுத்த சாப்பாடு வரை அடுக்களைக்கு விடுமுறை, தண்ணீர் மட்டும் எப்போதும் உண்டு. இதில் பல்லுக்கும் நன்மை இருக்கிறது: சர்க்கரை வாய்க்குள் போகும் ஒவ்வொரு தடவையும் பல்மேல் அமிலம் சேர்கிறது, எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எனவே மாலை முழுக்கக் கொறிப்பதைவிட ஒரே தடவையில் தின்று முடிப்பது மேல். டிவி, மொபைல் முன்னால் தின்ன வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் நீட்டவில்லை.

உணவியலாளர் எலின் சாட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு வேலைப் பிரிவினை இங்கே உதவும். எதை, எப்போது, எங்கே தின்பது என்பது பெரியவர் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்கச் சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நாம் நம் பங்கைக் கோட்டைவிட்டுப் பிள்ளையின் பங்கில் மூக்கை நுழைக்கிறோம். என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டு வாங்குகிறோம். பிறகு "இன்னும் இரண்டு வாய்" என்று துரத்துகிறோம்.

துரத்துவதால் என்ன ஆகிறது தெரியுமா? முன்பு சொன்ன லியான் பிர்ச்சின் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒரு வகையைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று அடிக்கடி சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாத சூப் அதிகம் உள்ளே போனது. வற்புறுத்திய சூப்பைப் பற்றிக் குறை சொன்னார்கள். பழத்தை முடித்தால் சாக்லேட் என்ற பேரமும் இதே கதைதான். பேரத்தில் எது பரிசு, எது தண்டனை என்று பிள்ளை உடனே புரிந்துகொள்கிறது. இன்னொரு ஆய்வு 2015-இல் வந்தது: மூன்று முதல் ஐந்து வயதில் தீனியைப் பரிசாகக் கொடுத்து வளர்த்த பிள்ளைகள், ஐந்து முதல் ஏழு வயதில் மனசு சரியில்லாதபோது தின்பண்டத்தைத் தேடுவது கூடுதலாக இருந்தது. அழுதால் பிஸ்கட், நல்ல மார்க் வாங்கினால் ஐஸ்கிரீம் என்ற வழக்கத்தைத்தான் முதலில் கைவிடச் சொல்வேன்.

வற்புறுத்தாமல் எப்படிப் பழம் உள்ளே போகும்? பொறுமைதான் வழி. புதுச் சுவை பிடிபடப் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து, சிலருக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது, நான்காவது தடவையிலேயே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்த முத்திரையைப் பிள்ளையும் நம்பத் தொடங்கிவிடும். ஒரு துண்டு, ரொம்பச் சின்னதாக, தட்டின் ஓரத்தில் வையுங்கள். தின்றால் சரி, இல்லையென்றால் பேசாமல் எடுத்துவிடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள். அப்புறம் நீங்களும் கூட உட்கார்ந்து அதையே தின்னுங்கள். பெரியவர் வெறுமனே நீட்டுவதைவிடத் தானும் தின்றால் பிள்ளைகள் புது உணவை எளிதாக வாயில் வைக்கிறார்கள் என்று 1975-லேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு திறக்கும் சாக்லேட் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காலி உறையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கணக்கு புரிந்துவிடும்.

பையனுக்கு ஒரு தனிக் குறிப்பு. பதின்மூன்று வயதில் திடீரென்று உயரம் போடும் காலம், பசி அகோரமாக இருக்கும், அது இயல்பு. அவனிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், கேலியாகக்கூட வேண்டாம். மாறாக அவனுக்கு அடுக்களையில் இடம் கொடுங்கள்: முட்டை அவிக்கவும், பழத்தை வெட்டித் தயிரில் போடவும், ஒரு சாண்ட்விச் செய்யவும் தெரிந்திருந்தால் பாக்கெட்டைத் தேடும் தேவை தானே குறையும். கடைக்கும் கூட்டிப்போங்கள், பழம், கொட்டை வகைகளில் இந்த வாரத்துக்கு என்ன என்று அவனே பொறுக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வீட்டிலிருக்கும் பிஸ்கட்டை எல்லார் கண்ணெதிரே தூக்கிப் போடுவதும் ஒரு நாடகம்தான், முதலில் சொன்ன 1999 தடைச் சோதனையின் விளைவைத்தான் அது கொண்டுவரும். இருப்பது தீரட்டும், அடுத்த முறை பாதி வாங்குங்கள், அதற்கடுத்த முறை வாங்க வேண்டாம். முதல் வாரம் முனகல் இருக்கும். "வீட்டில் ஒன்றுமே இல்லை" என்பார்கள். "மேசையில் இருக்கிறது பார்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இனிப்பை முழுக்கத் தடை செய்யவும் வேண்டாம். வாரத்தில் ஓரிரு தடவை மாலைத் தட்டிலேயே, பேச்சில்லாமல், பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதற்காக எதையும் முடிக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவரைத் திருத்தப் போனால் வேறு சண்டை வரும். பேரப்பிள்ளைகளுக்குத் தன் கையால் எதையாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, பிஸ்கட்டே கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒன்றும் பிடிவாதம் இருக்காது. மாலைத் தட்டை அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்: பழத்தை அவரே வெட்டட்டும், பிள்ளைகள் வந்ததும் அவரே எடுத்துக் கொடுக்கட்டும், கூட உட்கார்ந்து அவரும் இரண்டு துண்டு தின்னட்டும். என்றாவது அவர் சாக்லேட் வாங்கி வந்தால் அவர் எதிரிலேயே பிடுங்கி உள்ளே வைக்காதீர்கள். அன்றைய தட்டில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.